மாஸ்டரின் பதினோரு நிமிடம்

மாஸ்டர் வீட்டு வாசலில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு நான் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. அவர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வரும் ஞாயிறு காலை எங்கள் வானொலியில் அவருக்கு ஒரு மணி நேர அஞ்சலி. ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் ஒரு இரும்புத் துண்டை நகர்த்தியே அதை மனிதக் குரலில் அழ வைத்தவர். அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. ‘வாங்க’ என்று கூடச் சொல்லவில்லை.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரம் போதும்மா.”

“சீக்கிரம் முடிச்சுடுங்க. இந்த வீட்டுல அவரைப் பத்திப் பேசினா அவருக்குப் பிடிக்காது.”

அவர் இருந்த காலத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிப்பு அறை வீட்டின் கடைசியில் இருந்தது. வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னல்களை ஆணியடித்து மூடி, சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் அங்கே கிணற்றுக்குள் இருப்பது போல இருட்டு. ஒரே ஒரு மேஜை விளக்கு. வியர்த்த கையில் வெகு நேரம் பிடித்திருந்த சாவியின் வாடை. மூலையில், பூட்டிய பெட்டிக்குள் கிட்டார்.

மாஸ்டரின் தம்பி எனக்காகக் காத்திருந்தார். எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். முப்பது வருடம் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து சாதாரண கிட்டாரில் தாளம் தட்டியவர். வலது கை விரல்கள் நான்கும் வேர் மாதிரி கோணியிருந்தன.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினேன்.

“அண்ணன் மாதிரி இன்னொருத்தர் பொறந்துதான் வரணும்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தன் வலது கையையே பார்த்தார்.

அறை வாசலில் நின்ற மாஸ்டரின் மனைவி கிசுகிசுத்தார். “தம்பி. வேண்டாம்.”

“இல்ல அண்ணி. முப்பது வருஷம் வாயைப் பூட்டி வெச்சாச்சு. சாவியைக் கையோட கொண்டு போயிடலாம்னு அவன் நினைச்சா எப்படி?”

அப்போதுதான் ஹெட்போனில் அது கேட்டது.

கம்பியின் மேல் இரும்பு ஊரும் ஓசை.

பெட்டியைப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

“எங்க ரெண்டு பேர்ல நல்லா வாசிச்சவன் நான்தாம்மா,” என்றார் சின்னவர். “ரேடியோ தேர்வுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தோம். கார் கதவு ஓரத்துல கை வெச்சிருந்தேன். தெரியாம சாத்திட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்னான். என் முகத்தைப் பார்த்துக்கிட்டேதான் சாத்தினான். ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை.”

ஓசை ஏறிக்கொண்டே போனது. பல்லைக் கூச வைக்கும் உச்சத்தில் நின்றது.

விளக்கு அணைந்தது.

“வெளிய வாங்க!” என்று அண்ணி கத்தினார். சின்னவர் எழுந்து இருட்டில் தடவித் தடவிப் போய் இடது கையால் கதவு நிலையைப் பிடித்தார்.

கதவு அறைந்து மூடியது.

எலும்பு நொறுங்கிய சத்தத்தை நான் ஹெட்போனில் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் அலறினார்.

அந்த அறைக்குள் காற்று நுழைய ஊசி முனை அளவு வழியில்லை. கதவை நான் உள்ளே இழுத்தேன். அண்ணி வெளியிலிருந்து தள்ளினார். ஆள் ஒருவன் முதுகு கொடுத்து நிற்பது போல அது கனத்தது. என் பின்கழுத்தில் யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

வெளியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. வெகுகாலம் பழகிய, தணிந்த குரல்.

“விட்டுடுங்க. நாங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டோம். சத்தியமா சொல்ல மாட்டோம்.”

கதவு தானாகத் திறந்தது.

ஆஸ்பத்திரியில் சின்னவரின் இடது கைக்குக் கட்டுப் போட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தேன். ‘பொறந்துதான் வரணும்’ வரைதான் அவர் குரல் இருந்தது. அதற்கு மேல் வெறும் இரைச்சல்.

அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மெஷினைப் போடுங்க.”

“சத்தியம் பண்ணினீங்களேம்மா...”

“கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்குச் சத்தியம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னிக்கு அவர் கார் கதவைச் சாத்தினதை மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தவ நான். இந்தப் புள்ளைக்கு அந்தக் கையும் போச்சு. இனிமே எனக்கு என்ன பயம்?”

பதினோரு நிமிடம் பேசினார். ஒரு இடத்திலும் அவர் குரல் உடையவில்லை. அங்கேயே மூன்று முறை கேட்டுச் சரிபார்த்தேன். சொல்லுக்குச் சொல் தெளிவாக இருந்தது.

நிலையத்தில் யாருக்கும் அதை ஒலிபரப்ப மனமில்லை. சண்டை போட்டுத்தான் சேர்த்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அஞ்சலி ஒலிபரப்பானது. கண்ணாடி அறைக்குள் நானும் பொறியாளரும் அதன் கடைசியில் அண்ணி பேசியதை முழுக்கக் கேட்டோம். முடிந்ததும் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வசவு வாங்கத் தயாரா இருங்க.”

தொலைபேசி அடித்தது. ஒரு வயதான பெண்மணி விம்மிக்கொண்டிருந்தார்.

“பேச்சே இல்லாம கடைசியில கிட்டாரை மட்டும் போட்டீங்களே, மாஸ்டர் தெய்வம்மா.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பதினோரு நிமிட வாசிப்பு, இதுவரை எங்கேயும் கேட்டதில்லை, என்ன பாட்டு அது என்று கேட்டார்கள். ஒருவர் கூட அண்ணியின் குரலைக் கேட்டிருக்கவில்லை.

எட்டாவது அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. சின்னவருக்கு இடது கையில் கட்டு, வலது கை விரல்கள் மடங்காது; அண்ணிதான் அவர் காதோடு போனைப் பிடித்திருந்தார்.

“கேட்டேம்மா,” என்றார் சின்னவர்.

“ஐயா, எப்படின்னே தெரியல. நாங்க அம்மா பேசினதைத்தான்...”

“அந்த மெட்டு நான் போட்டது. தேர்வுல வாசிக்கணும்னு மனசுக்குள்ளேயே வெச்சிருந்தேன். ஒரு ஜீவனுக்கு வாசிச்சுக் காட்டினதில்ல.” அவர் மூச்சு இழுத்தது. “அதையும் எடுத்துக்கிட்டான்.”

அவருக்குப் பின்னால் அந்த வாசிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஐயா, முதல்ல அந்த ரேடியோவை அணைச்சுடுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த ரூம்ல ரேடியோ இல்லம்மா.”