அழுத பிள்ளை

அடிவாரத்திலிருந்து வீறிட்டுக்கொண்டே வந்த பிள்ளை இசாமு, கோயிலின் சிவப்பு மர வாயிலைத் தாண்டியதும் நறுக்கென்று அழுகையை நிறுத்திவிட்டான்.

சாமி வாசலை மிதித்ததும் சமர்த்தாகிவிட்டான் என்று மாமியார் தொமியேவுக்கு ஒரே பூரிப்பு. பெற்றவள் மிசாவோவோ வாயிலிலேயே தயங்கி நின்றாள். பிறந்தது இரட்டை. இவன் பிழைத்தான்; இன்னொருவன் மூச்சில்லாமலே பிறந்தான். துக்கம் கழியாதவர்கள் அந்த வாயிலுக்குள் வரக்கூடாது. பிள்ளையைச் சாமிக்குக் காட்டும் நாளைத் தள்ளிப்போட மனமில்லாத தொமியே, அழாமலே போன பிள்ளைக்கு ஏது தீட்டு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பூசாரியிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மண்டபத்துக்குள் பாசியும் பழைய தேவதாருப் பலகையும் படையல் மதுவும் கலந்த ஈர வாடை அடித்தது. மேளம் அதிர அதிர, பூசாரி வெள்ளைக் காகிதக் குஞ்சத்தைப் பிள்ளையின் தலைக்குமேல் சரசரவென்று வீசி ஓய்ந்தபோது, அவருக்குப் பின்னால், யாரும் திறந்து பார்த்தறியாத உள்ளறைக் கதவுக்கு அப்பால், ஏதோ மெல்லப் புரண்டு படுத்த மாதிரி மிசாவோவுக்குக் கேட்டது.

இனி பிள்ளை அழவேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சாமி அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும். தன் மடியில் கிடந்தவனின் தொடையைத் தொமியே கிள்ளினாள். அவன் அசையாமல் உள்ளறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கிள்ளு. பெத்தவ கைபட்டா அழுவான்."

"வேண்டாம் அத்தை. வீட்டுக்குப் போயிடலாம்."

"அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சும்மாவா சொன்னாங்க? கிள்ளுடி."

மிசாவோ கிள்ளினாள். தொடை சிவந்தது. பிள்ளை வாயைத் திறந்தான்.

அழுகை உள்ளறையிலிருந்து வந்தது.

மெலிந்த குரல். இசாமுவின் குரல் இல்லை. ஆனாலும் அவள் மார்பு கனத்து, பால் கிமோனோவை நனைத்தது.

"கேட்டுச்சா? சாமிக்குப் பிடிச்சுப்போச்சு" என்று தொமியே சிரித்தாள். பூசாரியும் திருப்தியாகத் தலைவணங்கினார். மிசாவோ பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

வீட்டில் விளக்கேற்றும் நேரம். இசாமுவுக்குப் பசி. முகம் சிவந்து, கை முறுக்கி, வாய் பிளந்து அழுதான். சத்தமே இல்லை. இடது மார்பில் சேர்த்தணைத்தாள். உறிஞ்சினான். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்போது அந்த அழுகை கேட்டது. மலையில்.

பிறகு படிகளில்.

பிறகு வீட்டு வாசலில்.

நின்றுவிட்டது.

இசாமு பாலில்லாத மார்பை விட்டுவிட்டு, மறுபக்கம் பார்த்தான். அங்கே, யாருமில்லாத வலது மார்பில், சில்லிட்ட சின்ன ஈறுகள் கவ்வின. பால் சுரந்தது.