பச்சைக் கோடு அணைந்தபோது

அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலேயே கிளம்பிவிட்டாள். படிப்புக்காகக் கடல் கடந்து போகிறவள், செருப்பு மாட்டும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெத்த பொண்ணைவிட ஓசோன்தான் பெருசு!" என்று அப்பாவிடம் மட்டும் பொரிந்து தள்ளினாள்.

பாவம், அம்மா என்ன செய்வாள்? வானத்தின் மேலடுக்கில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று தரையிலிருந்தே லேசர் அனுப்பி அளப்பது அவள் வேலை. மேகம் இருந்தால் அளக்க முடியாது. ஒரு மாதமாக மூடிக்கிடந்த வானம், சொல்லி வைத்தாற்போல் இன்றுதான் தெளிந்தது. மாற்று ஆளுக்கோ காய்ச்சல். அம்மாவால் வழியனுப்பப் போக முடியவில்லை.

அப்பா அக்காவை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் தங்கை மட்டும் அம்மாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அம்மாவைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

இருட்டியதும் கூரைத் திறப்பு வழியாக லேசர் பாய்ந்தது. ஓசோனை அளக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தூசியை அளக்கக் கூடவே போகும் பச்சைக் கதிர்தான் தெரியும்.

"அம்மா, அழறியா?"

"இல்லடி. திரையையே பார்த்தா கண்ணு எரியுது."

வாலு நம்பவில்லை.

"அக்கா போற பிளேன் இந்தப் பக்கம்தானே வரும்?"

"ஆமா. கிட்ட வர்றதுக்கு முன்னாடியே லேசரை நிறுத்திடணும். பைலட்டுக்குக் கண்ணு கூசும்."

வாலுவுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அம்மாவின் செல்பேசியோடு வெளியே ஓடி அக்காவை அழைத்தாள்.

"அக்கா, ஜன்னல் சீட்டா?"

"ஆமா. அம்மா பேசச் சொன்னாங்களா?"

"இல்ல, நானாத்தான். மேல வந்ததும் கீழ பாரு. பச்சையா ஒரு கோடு தெரியும். நம்ம அம்மாகிட்ட மட்டும்தானே அவ்ளோ பெரிய டார்ச் இருக்கு! நீ கிட்ட வர்றப்போ அது அணையும். அம்மாதான் அணைப்பா. உனக்காக."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"போனை அணைக்கச் சொல்றாங்கடி. நான் கை காட்டுவேன்னு அம்மாகிட்ட சொல்லு."

வாலு சொன்னாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

தொலைவில் விமான விளக்குகள் தெரிந்ததுமே அம்மா பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு மறைந்தது. இருவரும் வெளியே ஓடி, தலைக்கு மேலே போன விளக்குகளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அம்மா இப்போது மறைக்காமல் அழுதாள். வாலுவும்தான்.

விளக்குகள் புள்ளியாகி மறைந்தன. ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த வானம் சும்மா கிடந்தது.

"அம்மா, பிளேன் போயிடுச்சு. லேசரைப் போடலையா?"

"இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்டி" என்றாள் அம்மா.