பகலில் தூங்குகிறவர்

லைட் அண்ணன் தட்டியது வெறுங்காற்றைத்தான். ஆனால் மரக்கதவில் தட்டிய சத்தம் கேட்டது.

பூனை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மாணவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தரையில் வெள்ளை டேப்பால் ஒட்டிய கோடுகளுக்கு நடுவே, சமையலறை என்று அவள் வைத்திருந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்கு வெளியே, ஒரு கையில் டீயும் மறு கையில் மடக்கிய விரல்களுமாக, மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் லைட் அண்ணன் நின்றார்.

"உள்ள வரலாமா?"

"வாசல் அந்தப் பக்கம்ணா."

"தெரியும் தாயே. சுவரைத் தாண்டி வந்தா உங்க மேடம் என்னையும் ஃபெயில் பண்ணிடுவாங்க." அவர் கோட்டை ஒட்டியே சுற்றிப்போய், டேப் ஒட்டாமல் விட்டிருந்த இடைவெளியில் இல்லாத மிதியடியில் செருப்பைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். "வீடு சின்னதா இருந்தாலும் அம்சமா இருக்கு. வாடகை எவ்வளவு?"

அவள் சிரித்தாள். டீயை வாங்கிக்கொண்ட பிறகு கேட்டாள்: "இப்ப தட்டினீங்களே, வாயால சத்தம் குடுத்தீங்களா?"

"நான் எங்க குடுத்தேன்? சும்மா கையை ஆட்டினேன்."

நாடகத்துறையில் முதுகலை சேர்ந்த முதல் வாரமே மேடம் அவர்கள் தலையில் ஏற்றிய விதி அது. ஒத்திகையில் செட் இருக்காது. தரையில் டேப் மட்டும்தான் இருக்கும். டேப் ஒட்டினால் சுவர். ஒட்டாமல் விட்டால் வாசல். சுவரை யாரும் தாண்டக் கூடாது. அவசரமாக ஓடி வந்தாலும், மேடை காலியாகக் கிடந்தாலும் சுற்றித்தான் வரவேண்டும். "நீ நம்பலேன்னா பாக்குறவன் எப்படிம்மா நம்புவான்?" என்பார் மேடம். இரண்டு வருடத்தில் அது உடம்பில் ஊறிப்போய், கூட்டிப் பெருக்க வருகிற அக்காகூட விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகத்தான் வருவார்.

கறுப்பு அறை என்று அவர்கள் சொல்லும் அந்த ஒத்திகைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, தரை, சுற்றிலும் தொங்கும் கனத்த திரைகள் எல்லாமே கறுப்பு. உள்ளே வந்துவிட்டால் வெளியே மழையா வெயிலா, மத்தியானமா சாயங்காலமா என்று ஒன்றும் தெரியாது. உரக்கப் பேசினாலும் திரைகள் குரலைக் குடித்துவிடும். அப்படிப்பட்ட அறையில், கொஞ்ச நாளாக, டேப்புக்குள்ளே உட்கார்ந்து அவள் முணுமுணுத்தால் மட்டும் குரல் நாலு பக்கமும் பட்டுத் திரும்பி வந்தது, சின்ன வீட்டுக்குள் பேசுவதுபோல. நடிப்பு கைகூடி வருகிறது என்றுதான் அவள் முதலில் சந்தோஷப்பட்டாள்.

அவள் ஒட்டியிருந்தது சின்ன வயதில் குடியிருந்த வாடகை வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஓர் உள்ளறை. அப்பாவுக்கு அச்சகத்தில் இரவு வேலை. விடிந்ததும் வந்து கையைக் கழுவி, உள்ளறையில் படுத்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் பொழுது சாயும்வரை தூங்குவார். அதுவரை வீட்டில் டம்ளர் உருளக் கூடாது. தும்மக் கூடாது. சத்தம் கேட்டால் முதலில் குறட்டை நிற்கும். பிறகு கட்டில் முனகும். பிறகு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் விலகியபின் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நடக்கும்போது காலோசை கேட்காததால்தான் வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பேர் விழுந்தது. எல்லோரும் அதைத் திறமை என்று நினைத்தார்கள்.

போன வருடம் தனிநடிப்புத் தேர்வில் அவளை நிறுத்திவிட்டார்கள். "எல்லாம் இருக்கு. நீதான் அதுல இல்ல" என்றார் மேடம். இது கடைசி வாய்ப்பு. தேறிவிட்டால் வேறு ஊரில் ஒரு நாடகக்குழு அவளுக்காக இடம் வைத்திருந்தது. தேறாவிட்டால் திரும்பிப்போக அந்தப் பழைய வீடுதான். அம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். அதனால்தான் துணிந்து அந்த வீட்டையே நாடகத்துக்கு எடுத்தாள். ஒரு சிறுமியின் ஒரு பகல், சத்தமே இல்லாமல். கடைசியில் சிறுமி பார்வையாளர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். விளக்கு மெல்ல அணையும். அவ்வளவுதான் நாடகம்.

ஒன்றில்தான் மேடத்துக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை.

"அந்த உள்ரூமுக்கு வாசலே இல்லையே. உங்க அப்பா என்ன, புகையா உள்ள போனாரா?"

"அது மூடியே இருக்கட்டும் மேடம்."

"மூடி இருக்கட்டும். ஆனா கதவுன்னு ஒண்ணு வேணுமில்ல? பாக்குறவங்க உன்னைப் பாக்க மாட்டாங்க, அந்த ரூமைத்தான் பாத்துட்டிருப்பாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "பயமா?"

"இல்ல மேடம்."

பொய். அந்த நாலு கோட்டை ஒட்டும்போது ஒரு விரல்கடை இடைவெளிகூட விழாமல் மூலைகளில் டேப்பை இரண்டு முறை சுற்றி அழுத்தியிருந்தாள்.

ஒத்திகை கூடக்கூட வாசனையும் வந்தது. அச்சு மையும் மண்ணெண்ணெயும் மலிவான சோப்பும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாசனை. ஒரு நாள் மாலை அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா வேலை முடிஞ்சு வந்து கையை எதாலம்மா கழுவுவார்?"

"மண்ணெண்ணெயில. அப்புறம் சோப்பு. எதுக்குடி?"

"சும்மா, நாடகத்துக்கு."

"ஏன், வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்றாள் அம்மா. "அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு. பேசாம தூங்கட்டும். நீ எழுப்பி விட்டுடாத."

பூனை சிரித்தாள். போனை வைத்த பிறகுதான், தாங்கள் இருவரும் இத்தனை நேரமும் கிசுகிசுப்பாகவே பேசியது உறைத்தது.

தேர்வு நாளன்று எல்லோருக்கும் முன்பாகவே வந்துவிட்டாள். போனையும் பையையும் பார்வையாளர் பெஞ்சில் வைத்துவிட்டு, சமையலறை மூலையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தாள். லைட் அண்ணன் வந்தது காதில் விழுந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு மனைவியோடு பேசியபடியே, நைந்துபோன டேப்பைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தார். பர்ர்ரென்று டேப் பிரியும் சத்தம் அவளைச் சுற்றிச்சுற்றி வந்தது. "இல்லம்மா, மறக்கல, வாங்கிட்டு வரேன். ஆமா. எது, பச்சையா நீலமா? சரி சரி." பர்ர்ர். மறுபடி பர்ர்ர். அந்தச் சத்தத்திலேயே அவள் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள்.

"பூனை, பளிச்சுன்னு ஆக்கிட்டேன் பாரு. மேடம் சொன்னபடி உள்ரூமுக்கும் வாசல் விட்டாச்சு. கலக்கு." குரல் தொலைவில் கேட்டது. அவர் படியேறி, பின்சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விளக்கறைக்குப் போய்விட்டார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

உள்ளறைக் கோட்டில், ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு, கறுப்பாக ஓர் இடைவெளி இருந்தது.

தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டு வாசலுக்குப் போனாள். வழக்கமாகக் கால் தானாகவே போகிற இடம்தான். நெற்றி எதிலோ இடித்தது. கையை நீட்டினாள். குளிர்ந்த, சுண்ணாம்பு உதிர்கிற சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. எதிரே பெஞ்சுகளும் அவளுடைய பையும் தெளிவாகத் தெரிந்தன. குனிந்து பார்த்தாள். புது டேப் மூலையிலிருந்து மூலைவரை ஒரே நேர்கோடாக ஓடியது. பேச்சுவாக்கில் லைட் அண்ணன் வாசலையும் சேர்த்து ஒட்டியிருந்தார்.

வீட்டுக்கு வாசல் இல்லை. உள்ளறைக்கு இருக்கிறது.

டேப்பைப் பிய்க்க நகத்தைக் கொண்டுபோனாள். நகம் டேப்பைத் தொடவில்லை. அதற்கு முன்பே சுவர் இருந்தது. சுவர் டேப்பின் மேல் நின்றது. சுரண்டினாள். நகம் பிளந்தது. வாயைத் திறந்து "அண்ணா" என்று கத்தப் போனாள்.

அப்போது குறட்டை கேட்டது.

நிதானமான, ஈரமான குறட்டை. இழுத்து, நின்று, விடும்போது சின்னதாக ஒரு விசில். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கறைக் கண்ணாடியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். லைட் அண்ணன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வாசல் இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டினாள். அவர் இன்னொரு கட்டை விரலையும் உயர்த்தினார்.

பிறகு கதவு திறந்தது. ஒத்திகைக்கூடத்தின் கதவு, அவளுக்கு எட்டாத கதவு. மேடம் வந்தார். வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த நரைத்தாடிக்காரர் வந்தார். கூடப் படிப்பவர்கள் பெஞ்சுகளை நிறைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்த அவளுடைய சிநேகிதி ஒல்லி கண்ணடித்தாள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பூனையின் தோள்கள் காதுவரை ஏறின. உள்ளே குறட்டை இழுத்தது. விட்டது.

வெளிச்சம் மஞ்சளாக அவள்மேல் விழுந்தது.

நேராக ஒல்லியிடம் போனாள். அவள் முகத்துக்கு ஒரு முழத்தூரத்தில் சுவர் தடுத்தது. உள்ளங்கைகளைச் சுவரில் ஒட்டவைத்து, சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்தாள். கோட்டை எடு. டேப்பை எடு. ஒல்லியின் கண்கள் விரிந்தன. பக்கத்திலிருந்தவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாருடா, நிஜச் சுவர் மாதிரியே இருக்கு."

சுவரோடு சுவராக நகர்ந்தாள். கூடம். மூலை. சமையலறை. மூலை. விரல்கள் ஓர் இடைவெளியைத் தேடின. ஒன்றுதான் இருந்தது. அதன் பக்கம் போகும்போது வாசனை கெட்டியாயிற்று. உள்ளே இருட்டு. இத்தனை விளக்கிலும் இருட்டு. சுவரை விட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து வந்தாள்.

தேர்வாளர் முன்னால் சாய்ந்திருந்தார். "சுவாசத்தைப் பாருங்க" என்றார் மேடத்திடம். "இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது."

மேடத்தின் கண்ணில் நீர் நின்றது. பெருமை.

யாருடைய போனோ அதிர்ந்தது.

குறட்டை நின்றது.

அவள் நின்ற இடத்திலேயே உறைந்தாள். ஒரு கால் பாதி தூக்கியபடி. கூடமே மூச்சை அடக்கியது. போனை யாரோ அவசரமாக அணைத்தார்கள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஒரு புரளல். இழுப்பு. விசில்.

காலை மெல்லக் கீழே வைத்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மூக்கை உறிஞ்சினால் சத்தம் கேட்கும்.

இவர்களுக்கு எப்படிச் சொல்வது? கத்தினால் அவர் எழுவார். கத்தாவிட்டால் இது நாடகம். எப்படியாவது கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் போதும். இவர்கள் அமைதியாகவே எழுந்து போய்விட்டால் போதும். நாளைக்குப் பெருக்குகிற அக்கா வருவார். டேப்பைப் பிய்ப்பார். அதுவரை அவர் தூங்கட்டும்.

அவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக. கெஞ்சினாள். உதட்டில் விரல் வைத்தாள்.

வைத்த பிறகுதான் தெரிந்தது.

மேலே லைட் அண்ணன் இதற்காகத்தான் காத்திருந்தார். வெளிச்சம் மெல்ல, அவள் சொல்லிக்கொடுத்தபடியே அழகாக, அணையத் தொடங்கியது.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விரலை எடுக்கவில்லை.

இருட்டு.

முதல் கைதட்டல் ஒல்லியுடையது. அடுத்து தேர்வாளர். அதன்பின் எல்லோரும். சின்ன வீடு. நாலு பக்கமும் சுவர். சத்தம் சுவரில் மோதி, கூரையில் மோதி, இரண்டு மடங்காகித் திரும்பியது. காதைப் பொத்தினாள். பொத்தியும் கேட்டது. குறட்டை நின்றது கேட்டது.

கட்டில் முனகியது.

தாழ்ப்பாள்.

விளக்குகள் திரும்ப எரிந்தன. அவர்கள் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள், மேடம்கூட, கையை உயர்த்தி. அவளுக்காகத்தான் என்று நினைத்தாள், ஒரு கணம். பிறகு கண்களைப் பார்த்தாள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் அவளுடைய தலைக்கு மேலே, அவளுக்குப் பின்னால், நெடுநெடுவென்று ஓர் ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் நின்றது.

அவள் கழுத்தில் மண்ணெண்ணெய் வாசனையோடு வெதுவெதுப்பாக மூச்சு பட்டது.

அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.