பச்சைத் தண்ணீரில் துவைத்த சட்டை

பூனை குடித்து முடிக்கும்வரை மாமியார் காபி டம்ளரைத் தொடவில்லை.

மருமகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஊற்றியதை நக்கிவிட்டுப் பூனை சோம்பல் முறித்தது, செத்து விழவில்லை. அதன் பிறகுதான் மாமியார் ஒரு வாய் குடித்தாள். மருமகள் சிறையிலிருந்து திரும்பிய நாள்முதல் இதே கூத்து. அந்த வீட்டில் கொழுத்தது பூனை ஒன்றுதான்.

"என்னடி முறைக்கிறே? மாமனாரை முழுங்கினவ, மாமியாரை விட்டு வைப்பியா?"

"அத்தை... கோர்ட்டே என்னை விட்டுடுச்சு..."

"சந்தேகம்னுதானே விட்டுச்சு! நீ செய்யலைன்னா சொல்லுச்சு?"

சந்தேகத்தின் பலனை நீதிமன்றம் மருமகளுக்குக் கொடுத்துவிட்டது. சந்தேகத்தை இந்த வீடு வைத்துக்கொண்டது. காய் நறுக்கும் கத்திகூட மாமியாரின் பீரோவில் இருந்தது. தினமும் கேட்டு வாங்கி, கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணவன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தும் பேசியதில்லை. படுக்கையில் முதுகைக் காட்டியே படுத்தான். மாமியாரின் ஏச்சைத் தாங்கிய அவளால் அந்த முதுகைத் தாங்க முடியவில்லை.

வீட்டின் முன்பாதி சலவைக்கடை, பின்பாதி குடித்தனம். மாமனாருக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். துணி கருகினாலும் அடி, கஞ்சி கூடினாலும் அடி. ஒருநாள் மருமகள்மீதும் கை ஓங்கினார். மகன் அந்தக் கையை எட்டிப் பிடித்தான். "இன்னொரு தடவை அவ மேல கை வச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

மறுநாள் காலை பின்கட்டுத் தொட்டியில் கணவனின் நீலச் சட்டை ரத்தத்தோடு மிதந்ததை மருமகள் பார்த்தாள். பதறி உள்ளே ஓடினால், இஸ்திரி மேசையடியில் மாமனார் மண்டை உடைந்து கிடந்தார். 'ஐயோ, எனக்காகச் செய்துவிட்டாரே!' என்றுதான் நினைத்தாள். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. திரும்பிப் போய்ச் சட்டையைத் துவைத்தாள்.

பச்சைத் தண்ணீரில் துவைத்தாள். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும் என்பது சலவைக்காரர் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அரசு வக்கீலோ, "எவ்வளவு நிதானமாகத் தடயத்தை அழித்திருக்கிறாள், பாருங்கள்!" என்று அதையே பிடித்துக்கொண்டார். சட்டையை வைத்து வேறு யாரையும் பிடிக்க வழியில்லை. வெளுப்புத் தண்ணீர் தெறிக்கும் என்பதால், தொட்டியருகே போகிறவர் யாரானாலும் ஆணியில் தொங்கும் ஏதோ ஒரு சட்டையை மேலே மாட்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். ஆகவே துவைத்தவள் அகப்பட்டாள். யார் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

பூனை காபி குடித்த அதே காலையில், அவளுக்காக வாதாடிய வக்கீல் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் சரியில்லை.

"கவர்மென்ட் போட்ட அப்பீலை ஹைகோர்ட்ல எடுத்துக்கிட்டாங்கம்மா. இந்தத் தடவையும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா மறுபடி உள்ளதான். அந்த ரத்தத்தை ஏன் கழுவினீங்க?"

"தெரியாது சார்..."

"கல்லுளிமங்கி! சொல்லுவாளா?" என்றாள் மாமியார்.

கணவன் எழுந்தான். "நான்தான் சார். எங்கப்பாவை நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க."

"ஐயோ, என்னங்க இது!" மருமகள் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். "எதுக்காக நான் ஜெயில்ல கெடந்தேன்? நீங்க மாட்டக்கூடாதுன்னுதானே! இப்ப நீங்களே போய்த் தலையை நீட்டுறீங்களே..."

அவன் அவள் கையை விலக்கினான். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நான் செய்யலையேடி! நீ அந்தச் சட்டையைத் துவைச்சதைப் பார்த்தேனே... மறுபடி கை ஓங்கியிருப்பாரு, நீதான் செஞ்சுட்டேன்னு நெனச்சேன். கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் உன் மூஞ்சியையே பார்க்காம இருந்தேன்!"

"நானா? நீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தச் சட்டையை மாட்டியிருந்தது யாரு?"

"நான்தான்" என்றாள் மாமியார்.

அவள் மகனை மட்டும் பார்த்துப் பேசினாள். "விடியறதுக்கு முன்னாடியே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாருடா. 'என்னைப் பிடிச்ச கையைச் சுடாம விடமாட்டேன்'னு, உள்ள தூங்கிக்கிட்டிருந்த உன்கிட்ட கிளம்பினாரு. நான் உன் சட்டையை மாட்டிக்கிட்டுத் தொட்டிகிட்ட நின்னேன்... சத்தம் கேட்டு ஓடிவந்து குறுக்கே விழுந்து தள்ளினேன். மேசை முனையில மண்டை... மடியில தூக்கி வச்சேன், மூச்சு இல்லை. சட்டையைத் தொட்டியில போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவ வாயைத் திறக்கலே... நானும் திறக்கலே..."

"கத்தியைக்கூடப் பூட்டி வச்சீங்களே அத்தை!"

"உன்னைக் கொலைகாரின்னு சொல்லச் சொல்ல எனக்கே அது நெசம்னு ஆயிடுச்சுடி. அப்பத்தான் தூக்கம் வந்துச்சு!"

கணவன் மனைவியின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதாள். ஆனால் நெஞ்சின் ஓரத்தில் ஒன்று சுருக்கென்று குத்தியது. மகன் தலையை நீட்டியதும் மாமியாருக்கு வந்த வார்த்தை, தன்னை இழுத்துக்கொண்டு போனபோது வரவில்லையே!

மாமியார் தடாலென்று அவள் காலில் விழுந்தாள். "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுடி தாயே..."

"இப்ப சொன்னா அது பொய் அத்தை. இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் சொன்ன பொய் போதும்." குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். "கெட்டியான போர்வையா ஒண்ணு எடுத்துக்குங்க, உள்ள தரை சில்லுனு இருக்கும். நான் கூட வரேன். அந்த ஸ்டேஷன் வாசல்ல தனியா நிக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

மகன் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கிழவி அதைப் பிடிக்கவில்லை. மருமகளின் கையைத் தேடிப் பிடித்தாள். அவளும் கையை விலக்கிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.