தாத்தா மீது ஒரு புகார்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழி நகரில் பிறந்தநாள் வந்தால் செய்ய வேண்டியவை இரண்டு. மூச்சுக் கவசத்தின் வடிகட்டியை மாற்ற வேண்டும்; நினைவைத் தணிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். வடிகட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். தணிக்கைக்கு எவ்வளவு நேரம் என்பது வரிசையின் நீளத்தைப் பொறுத்தது.

நிறைமதிக்கு அன்று முப்பத்தேழு வயது. தான் வேலை பார்க்கும் கீரைக்கூடத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, தணிக்கை அலுவலகத்தில் அறுபதாம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வியர்வையில் சீட்டு நனைந்து சுருண்டுவிட்டது.

ஆறு வயதில் காதுக்குப் பின்னால் பதிக்கும் நினைவுச் சில்லில்தான் அங்கே எல்லாருடைய ஞாபகமும் இருக்கிறது. மூளை அந்த வேலையைக் கைவிட்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஒரு காலத்தில் பொய் நினைவுகள் கள்ளச்சந்தையில் விலைபோயின. அடுத்தவர் அறையைத் தன் அறையென்று சத்தியமாக நினைவு வைத்துக்கொண்டு பலபேர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதன்பிறகு வந்தது இந்தச் சட்டம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் முப்பது வருடத்துக்கு முந்திய ஓராண்டு நினைவைப் பொது ஆவணக் கிடங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவு இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் அழிப்பு. பதினொரு வினாடி, வலிக்காது.

வலிக்காது என்பதுதான் நிறைமதியின் பயம். சென்ற ஆண்டு அவளோடு வேலை பார்க்கும் செலின், தணிக்கை முடிந்து சிரித்த முகத்தோடுதான் திரும்பினாள். தன் அலமாரியைத் திறந்தவள், அங்கே தொங்கிய கம்பளித் தொப்பியைத் தூக்கிக் காட்டி, "இது யாரோடதுடீ?" என்று கேட்டாள். முப்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா சாவதற்கு முன்பு பின்னிக் கொடுத்தது. செலின் அதைக் கைதுடைக்க எடுத்துக்கொண்டாள்.

நிறைமதி தாத்தாவோடு வாழ்ந்தது அவளுடைய ஏழாம் வயதில் மட்டும். அப்பாவும் அம்மாவும் துருவப் பனிச்சுரங்கத்தில் வேலைக்குப் போயிருந்த ஓராண்டு அது. அவர்கள் திரும்பி வருவதற்குள் தாத்தா இறந்துவிட்டார். ஆக, இன்று தணிக்கைக்குப் போவது அவருடைய ஒரு பகுதி அல்ல, முழு தாத்தாவும்.

குழந்தைவேலு தாத்தாவால் எந்தப் பொருளையும் திறக்காமல் விட முடியாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். விரல் நுனிகள் ஈயம் சுட்டுக் காய்த்திருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி பிடிப்பாள். அவர்கள் குடியிருந்த எட்டாம் நடைவழியின் கண்காணிப்புக் கேமராக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றின் கண்ணாடிகளால் அவளுக்கு ஒரு தொலைநோக்கி செய்தவர் அவர்தான். அதனாலேயே அந்த ஆண்டு எட்டாம் நடைவழியில் ஒரு படம்கூடப் பதிவாகவில்லை. இதை அவள் மூன்று மாதமாகத் தேடித் தேடி உறுதி செய்திருந்தாள்.

"அறுபது!"

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நிறைமதியின் காதுக்குப் பின்னால் வாசிப்பானை ஒட்டினாள். திரையில் ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு கட்டம்; அத்தனையும் சிவப்பு.

"என்னம்மா, வருஷம் முழுக்க இப்படிச் சிவந்து கெடக்கு?"

"தாத்தாங்க. நிஜமாவே இருந்தாரு. கொஞ்சம் நல்லாப் பாருங்க, ப்ளீஸ்."

"படம் இல்ல, குரல் இல்ல. பரிசு, விருது, எதுவும் இல்ல." பிலோமினாவின் விரல் அழிப்புப் பொத்தானுக்கு அருகே போய் நின்றது. "இருங்க, புகார்ப் பிரிவை இன்னும் பாக்கல. பேரு சொல்லுங்க."

"குழந்தைவேலு. எட்டாம் நடைவழி."

பிலோமினா திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"நாப்பத்தேழு புகார்! 'நடைவழி முழுக்க அரைமணி நேரம் மின்சாரம் இல்லை. விசாரித்ததில், பேத்தியின் பிறந்தநாளுக்குச் சுழலும் விளக்கு செய்தாராம்.' நெஜமா?"

"நெஜம்! மயில் மாதிரி விரிஞ்சு சுத்தும்!"

ஒரு சிவப்புக் கட்டம் பச்சையானது.

"'துப்புரவு இயந்திரம் வணக்கம் சொல்கிறது. நிறுத்த முடியவில்லை.' 'கேமராக்களைக் காணவில்லை.' 'எங்கள் அடுப்பில் வானொலி கேட்கிறது'..."

படிக்கப் படிக்கக் கட்டங்கள் பச்சையாகிக்கொண்டே வந்தன. நிறைமதி அழுதுகொண்டே சிரித்தாள். "அவர் எத்தனையோ பேருக்குக் காதுக்கருவி சரிபண்ணிக் குடுத்தாரு. அதெல்லாம் யாரும் எழுதலையா?"

"மனசு நிறைஞ்சவங்க சும்மா போயிடுவாங்கம்மா. கடுப்பானாத்தான் உக்காந்து எழுதுவாங்க. பூமியில இருந்தப்பவே நாம அப்படித்தான்."

ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

புழுதிப்புயல் ஒன்பது நாள் குமிழியை மூடிய சமயத்து நினைவு அது. பகலிலேயே இருட்டு. ஏழு வயது நிறைமதி பயத்தில் நடுங்கினாள். தாத்தா தன் மணிக்கட்டில் ஓர் உணரியைக் கட்டி, அவள் காதில் குண்டுமணி அளவு ஒலிபெருக்கி ஒன்றைச் செருகினார். டுப், டுப் என்று அவருடைய நாடித்துடிப்பு கேட்டது. "இது கேக்குற வரைக்கும் தாத்தா இருக்கேன், பயப்படாதே" என்றார். அவள் காதில் மட்டுமே ஒலித்த சத்தம். யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் யாரும் புகார் எழுதவில்லை.

"இது போயிடும்மா," என்றாள் பிலோமினா, திரையைப் பார்த்தபடி.

நிறைமதி ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "நான் எழுதித் தரேன். நல்ல மனுஷன்னு எழுதித் தரேன்!"

"நன்றி சொல்றதுக்குப் படிவமே கெடையாது. யாரும் கேட்டதில்ல." பிலோமினா இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புகாருக்கு இருக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் வாங்கிக்குவாங்க. குறை சொல்றவன் பொய் சொல்ல மாட்டான்னு சட்டம் நம்புது."

நிறைமதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புகாரா? தாத்தாவைப் பற்றியா? பிலோமினா புகார்ப் படிவத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினாள். அவர் பெயருக்கு முன்னால் 'எதிர்மனுதாரர்' என்று திரை தானாகவே எழுதிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: 'அனுமதியின்றி என் காதில் கருவி பொருத்தி, ஒன்பது நாள் ஓயாமல் ஒலி எழுப்பினார்.'

'பாதிப்பின் அளவு?' என்று கேட்டது திரை.

'கடுமை.'

'பாதிப்பு இன்னும் தொடர்கிறதா?'

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

கட்டம் பச்சையானது. நிறைமதி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே அறுபத்திரண்டாம் எண் சீட்டோடு ஒரு பெரியவர் இருந்தார். பெயர் தாவூது. அவர் முகம் சற்று முன்பு அவளுடைய முகம் இருந்ததைப் போலவே வெளிறியிருந்தது.

"கேட்டுக்கிட்டுதாம்மா இருந்தேன்," என்றார். "என் வீட்டுக்காரி மைமூன். போய்ச் சேந்துட்டா. இன்னிக்கு வரப்போறது கல்யாணமான மொத வருஷம். வீட்டுக்குள்ள கேமரா ஏது? அவளப் பத்தி ஒருத்தரும் ஒரு குறையும் எழுதலியே!"

"நீங்க எழுதுங்க ஐயா."

"நானா? அவ மேலயா? என்ன எழுத?"

அறுபத்தொன்று ஜன்னலுக்குப் போனது. நிறைமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோசிங்க. சீக்கிரம் யோசிங்க."

பெரியவர் கண்ணை மூடினார். "நான் என்ன கதை சொன்னாலும் நடுவுல பூந்து முடிவைச் சொல்லிடுவா. ஒரு கதையக்கூட என்னை முழுசாச் சொல்ல விட்டதில்ல."

"அதை எழுதுங்க!"

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் தம்பியின் குறட்டையை நினைவுபடுத்திக்கொண்டாள். இன்னொருவர் அம்மா போட்ட உப்பை. மாலைக்குள் எல்லாக் குமிழிகளுக்கும் செய்தி போய்விட்டது.

அந்த ஆண்டின் அறிக்கையில் ஆவணக் கிடங்கு கவலையோடு எழுதியது: 'செவ்வாய்வாசிகளுக்குத் தங்கள் இறந்துபோனவர்களைத் துளியும் பிடிக்கவில்லை. காரணத்தை ஆராயக் குழு அமைக்கப்படுகிறது.'