தன்னைத் திருத்திக்கொண்ட இசைத்தட்டு

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் காலியாகக் கிடந்த ஒரு பழைய பங்களாவின் முன்னறைக்கு ஜெயராஜும் அவன் மனைவி ரமணியும் குடிவந்தார்கள். அங்கே முன்பு இருந்த, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த யுரேஷியக்காரர் குண்டுவீச்சில் செத்துப்போயிருந்தார். அவருடைய கிராமபோனும், அவரே வாசித்துப் பதிவு செய்த ஓர் இசைத்தட்டும் ஈர வாடையோடு அலமாரியில் கிடந்தன.

முந்நூறு வருடப் பழமையான ஸ்பானிய நடன இசை. தந்திகளை இரண்டிரண்டாகக் கட்டிய அந்தக் காலத்துச் சின்ன கிட்டாரில் வாசித்திருந்தார். கிராமபோன் ஊசி எங்கும் கிடைக்கவில்லை. எலுமிச்சை முள்ளைச் சீவி மாட்டி ஓடவிட்டார்கள்.

ரமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஜெயராஜும் கிட்டார்காரன்தான். சண்டைக்கு முன்னால் டான்ஸ் பேண்டில் வாசித்தவன். இப்போது தந்தி வாங்க வழியில்லாமல் அவன் கிட்டார் மொட்டையாகச் சுவரில் தொங்கியது. அவன் வாசித்தபோது ரமணி ஒருநாளும் இப்படிக் கண்ணை மூடியதில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. செத்தவனோடு என்ன போட்டி என்று சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டானே.

"தாளம் ஓடுது, கேட்டியா? நடுவுல அவசரப்படுறான்."

"எனக்குத் தெரியலையே."

மறுநாள் மாலை ஓடவிட்டபோது அந்த இடத்தில் அவசரம் இல்லை.

தன் காதுதான் நேற்று ஏமாந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த குறையைத் தேடினான். "விரலு தந்தியில உரசுது பாரு."

அடுத்த முறை உரசல் இல்லை.

பயந்துதான் போனான். ஆனால் கண்ணை மூடிக் கேட்கும் ரமணியின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்ததும் பொறாமை பயத்தைத் தின்றுவிட்டது. "ஒத்தையா வாசிக்கிறான் லா. அடியில இன்னொரு கிட்டார் இருந்தாதான் இது நிக்கும்."

காலையில் எழுந்தபோது அவன் விரல் நுனிகளில் தந்தி அழுந்திய தடங்கள் இருந்தன.

அன்று மாலை இசைத்தட்டில் இரண்டு கிட்டார்கள் கேட்டன. இரண்டாவது யாருடைய கை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. அவனுடைய கைதான். பயத்துக்கு நடுவிலும் உள்ளுக்குள் ஓர் ஆசை. இப்போதாவது எனக்காகக் கண்ணை மூடுவாள்.

ரமணி முகம் சுளித்தாள்.

"இந்த ரெண்டாவது ஆள் யாருங்க? இவரு வாசிக்கிறதைக் கெடுக்கிறானே. அவன் இல்லாம இருந்தா நல்லாருக்கும்."

"அப்படிச் சொல்லாத," என்று கிசுகிசுத்தான்.

அவள் அதற்குள் முள்ளைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைத்திருந்தாள்.

தட்டு சுழன்றது.

ஒரே ஒரு கிட்டார்.

"ரமணி."

அவள் திரும்பவில்லை. தோளைத் தொடப் போனான். கையில் எதுவும் படவில்லை.

பாட்டு முடிந்தது. ரமணி மெல்லக் கண்ணைத் திறந்து, ஜெயராஜ் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். அதில் யாரும் இல்லை.

"இப்ப சரியா இருக்கு. இன்னொரு தடவை போடட்டுமாங்க?"

அவள் தோளருகில் நின்ற ஜெயராஜ் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலி ஒரு முறை அசைந்தது.