தலைகீழ் சாட்சி

ஓக்னியான் கண் விழித்தபோது சோஃபியா சர்க்கஸ் கூடாரமே தலைகீழாகத் தொங்கியது!

இல்லை... தொங்கியது அவன்தான்!

கணுக்கால்களில் பட்டை. பட்டையில் பூட்டு. தலைக்கும் தரைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

எதிரே ஸ்டூலில் ஸ்ட்ராவ்கோ, சாவியும் சிரிப்புமாக. ட்ரபீஸ் ஊஞ்சலில் பல வருஷமாய்ப் பாய்கிறவன் அவன். தலைகீழாய்த் தொங்கியபடி அவனை அந்தரத்தில் பிடிக்கிறவன் ஓக்னியான்.

"காபி எப்படிண்ணே? தூக்க மாத்திரை கொஞ்சம் தூக்கல்!"

"இறக்குடா! எனக்கு க்ளாக்கோமா!"

"அதனாலதான்! தலைகீழாத் தொங்கினா கண்ணுக்குள்ள அழுத்தம் ரெண்டு மடங்காகும்னு டாக்டரம்மா சொல்லலை? இடது கண்ணு ஏற்கெனவே போச்சு. மிச்சம் ஒண்ணுதான்..."

"ஏன்டா?"

"உன் தங்கச்சி ரய்னா என்னை வேண்டாம்னுட்டா. அவ ஏறுற கயித்தை அறுத்தேன், விழுந்து செத்தா. அதை நீ பார்த்தியாமே? நாளைக்கு ஸ்டேஷன்ல அடையாளம் காட்டுவியாமே? காட்டு பார்க்கலாம்!"

"பாவி! கையை ஏன் கட்டலை?"

"கட்டினா தழும்பு விழும், போலீஸ் கேக்கும். கால் தழும்பு உனக்குப் பழசுதானே? டாக்டர் சொல்பேச்சு கேக்காம தொங்கினான்னு நானே அழுதுக்கிட்டு சொல்லுவேன்! குருடன் பேச்சை எவன் நம்புவான்?"

ஓக்னியான் கத்தினான். விடுமுறை நாள்... கூடாரத்தில் ஈ காக்கை இல்லை!

கண்ணில் கட்டை விரலை வைத்து அழுத்துவது போல வலி. விளக்கைச் சுற்றி வானவில் வளையம். ஓரங்களில் இருட்டு... உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே! ஐயோ, இந்தக் கண்ணும் போனால்?

உடம்பை ஊசலாக்கினான்.

"என்னண்ணே, வித்தை காட்டறியா?"

முன்னே... பின்னே... முன்னே...

"ஹோப்!"

அவ்வளவுதான்! பல வருஷமாய்ப் பாயச் சொல்லிக் கொடுத்த அந்தக் குரலுக்கு ஸ்ட்ராவ்கோவின் கைகள் தானாக நீண்டன. அவன் யோசிப்பதற்குள் மணிக்கட்டுகள் இரண்டும் ஓக்னியானின் பிடியில்!

"ஆ! எலும்பு... எலும்பு உடையுதுண்ணே!"

"ஒரு கையை விடறேன். பூட்டைத் திற. இல்லேன்னா ஆயுசுக்கும் ஸ்பூன்கூடப் பிடிக்க மாட்டே!"

க்ளிக்!

தரையில் விழுந்தும் பிடியை விடவில்லை ஓக்னியான். கண்ணைச் சிமிட்டினான். மங்கலாக... மெல்ல... வெளிச்சம் திரும்பியது! நிம்மதியில் அழுதேவிட்டான்.

ஸ்ட்ராவ்கோ பல்லைக் கடித்தான். "அன்னிக்கே உன் கண்ணை நோண்டியிருக்கணும்!"

"அன்னிக்கு இந்தக் கண்ணுக்குப் பனிமூட்டம்தான்டா தெரிஞ்சுது. எவனையும் பார்க்கலை!"

"அப்ப... சாட்சி?"

"இன்ஸ்பெக்டர் கிளப்பிவிட்ட புரளி. என் கண்ணைத் தேடி எவன் வர்றானோ, அவன்தான் ஆளுன்னார். நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லை. நீ கொடுத்த காபியைச் சந்தேகப்படாம குடிச்சேனேடா!"

ஸ்ட்ராவ்கோ திமிறினான். "கையை விடுண்ணே... ப்ளீஸ்!"

"விடறேன், விடறேன்... போலீஸ் வந்து கீழே வலை விரிக்கட்டும்!"